பிப்ரவரிக் கூட்டத்தின் குறிப்பு

வந்திருந்தோர் ஏழு பேர்.
வராதவர் மங்கோ: முழங்கால் வலி.
சென்ற மாதக் குறிப்பில்
'வலைக்கூடம்' என்றிருந்ததை 'உப்புக்கூடம்' என்று திருத்தி
ஏற்றுக்கொண்டோம்.

ஸ்ட்ராவிக் துறைமுக வரலாற்றுக் கழகத்தின் கையிருப்பு
இருநூற்றுப் பதினோரு பவுண்டு.
கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளியும்
சொத்துப் பட்டியலில் சேருமா என்று
டார்குவில் கேட்டார்.
சிரித்தோம். வாளி டொக் என்றது.

மூன்றாவது பொருள்: புகைப்படம்.
முப்பது வருடமாக எங்களிடம் இருப்பது.
ஹெரிங் மீன் தொட்டிக்கு முன்னால்
எண்ணெய்த்துணி மேலங்கியில் எட்டுப் பெண்கள்.
பத்து விரலிலும் மாவுச்சாக்குக் கிழிசல் சுற்றியிருக்கிறது,
கத்தி தவறிய இடத்தில் உப்பு இறங்காமலிருக்க.
ஒருத்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறாள்.
படத்தின் முதுகில் பென்சிலால் இரண்டே சொல்:
'மீன் கீறுவோர்'.
அதே சுவரில் மாட்டியிருக்கும் படகுகளுக்கெல்லாம்
எங்களுக்குப் பெயர் தெரியும்,
எந்த வருடம் கட்டியது, எந்தப் பாறையில் உடைந்தது
என்பது வரைக்கும்.

நான்காவது பொருளை
யூஃபீமியா ரொட்டித் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
பீப்பாய்க் கிடங்கை இடித்தபோது
சுவருக்கும் பலகைக்கும் நடுவே கிடந்த
ஒற்றைக் காகிதம்.
வேலைநிறுத்தம் நடந்த வருடம், ஆகஸ்ட் மாதம்.
'கீழ்க்கண்டோருக்கு இக்கரையில் எவரும்
வேலை தரலாகாது.'
கீழே
ஒன்பது பெயர்கள்.

உரக்கப் படித்தாள்.
லிலியஸ் ஃபிண்ட்லே. ஜொஹன்னா ஸ்லேட்டர்.
பெத்தியா காவி. இன்னொரு பெத்தியா காவி,
அவளுக்குப் பக்கத்தில் 'இளையவள்' என்று குறித்து,
ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்று.
படித்து முடியும்வரை
பிஸ்கட் தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

இவர்கள் பிழைப்பு எங்கும் ஓடக்கூடாது என்று
ஒருவன் அளவுகோல் வைத்துக் கோடிழுத்து
ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான்.
தேவாலயப் பதிவேட்டிலோ பாதிப் பெயர் தப்பு,
கல்லறையில் பாசி.
வேண்டியவர்கள் எழுதிவைக்கவில்லை.
வேண்டாதவன் எழுதினான், கிடைத்தது.
இதெல்லாம் குறிப்பில் வரக்கூடாது.
மையால் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பொருளாளர் வாட்டி ஸ்மெயில்
கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.
"அந்த 'ஜி' எழுத்தின் வாலைப் பாருங்கள்.
எங்கள் வீட்டு பைபிளின் முதல் தாளில்
நான் பிறந்த நாளை எழுதியிருப்பதும்
இதே வால்தான்."

கையொப்பம் தெரியாமல் அடியை மடித்துச்
சட்டமிடலாமே என்றார் டார்குவில், இதமாக.
மடித்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள்
என்றாள் யூஃபீமியா, இதமில்லாமல்.
வாட்டி மழை பார்க்க வெளியே போனார்.
வாக்கெடுத்தோம். மூன்றுக்கு மூன்று.
யார் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று
குறிப்பில் எழுதும் வழக்கமில்லை.
அதற்காக இன்று சந்தோஷப்பட்டேன்.

நனைந்த தோளோடு திரும்பியவர்
நாற்காலியைப் பிடித்தபடி நின்றே சொன்னார்:
"மடிக்க வேண்டாம்."
பிறகு, "சட்டத்துக்கான பணத்தை நான் தருவேன் என்று மட்டும்
எதிர்பார்க்காதீர்கள்.
கழகம் கொடுக்கட்டும்."
நாற்பது பவுண்டு ஒதுக்கப்பட்டது.

ஐந்தாவது பொருள்.
முகம் எட்டு, பெயர் ஒன்பது.
எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்பது
எங்கள் யாருக்கும் தெரியாது.
உதட்டைக் கடிப்பவள் இளைய பெத்தியாவாக இருக்கலாம்
என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்,
ஒன்றும் காரணமில்லை.
வரிசையில்லாமல் ஒன்பதையும் கீழே எழுதுவது என முடிவு.
படம் எடுத்த அன்று வராமல் போனவள் யார்,
காய்ச்சலா, பிள்ளைப்பேறா,
வேறு கரைக்கு ரயில் ஏறிவிட்டாளா:
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வாளி நிரம்பியிருந்தது. வாட்டி கொண்டுபோய்க் கொட்டினார்.
ஒன்பது மணிக்கு விளக்கணைத்தோம்.